படகுத்துறைப் பாட்டு யாருடையது?

சனிக்கிழமை பிற்பகலில் எல்ஜின் மேப்ரியின் முடிதிருத்தும் கடைக்குள் பெண்கள் யாரும் வருவதில்லை. அன்று வெர்லீன் ஸ்டோக்ஸ் வந்தாள். ஞாயிறு ஆராதனைக்குப் போடும் தொப்பி, வெள்ளைக் கையுறை, கையில் நாலாக மடித்த ஒரு காகிதம். காத்திருந்த நாலு ஆண்களும் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள்.

"டீக்கன் டாலிவர் இங்க இருக்கார்னு சொன்னாங்க," என்றாள்.

"இருக்கார், சிஸ்டர். அந்தச் சோப்பு நுரைக்குள்ள தேடிப் பாருங்க," என்றான் எல்ஜின்.

நாற்காலியில் சாய்ந்திருந்த, சபைக் காரியங்களைக் கவனிக்கும் டீக்கனான ஓசியா டாலிவர் கண்ணைத் திறந்தார். இருபத்திரண்டு வருஷம் இரவு ரயில்களில் படுக்கைப் பெட்டிப் பணியாளராக இருந்தவர். காணாமல் போன கைக்கடிகாரத்தையும் கழுத்துச் சங்கிலியையும் ஒருவர் மேலும் பழி விழாமல் கண்டுபிடித்துக் கொடுத்தே பேர் வாங்கியவர். இப்போது மெம்பிஸ் நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளில் காசு போட்டால் பாடும் இசைப்பெட்டிகளைப் பழுது பார்க்கிறார். யாருக்குச் சங்கடம் வந்தாலும் அவரைத்தான் தேடி வந்தார்கள். அவருடைய துப்பறிதலில் பாதி தன்னுடையது என்பது எல்ஜினின் உறுதியான நம்பிக்கை.

வெர்லீன் காகிதத்தை நீட்டினாள். எல்ஜின் சவரக்கத்தியோடு எட்டிப் படித்தான். 'டேல் ரட் பாடிய படகுத்துறைப் பாட்டைக் கேட்டு, அதைத் திருடியே நான் பாடினேன்' என்று தட்டச்சு செய்திருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு, 1955 செப்டம்பர் என்று மாதமும் அடித்திருந்தார்கள்.

"இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள போடணுமாம். இல்லேன்னா திங்கக்கிழமை கோர்ட்டு," என்றாள் வெர்லீன். "டீக்கன், அது நானும் நம்ம பழைய பியானோக்காரர் பிரதர் லெமுவேலும் சேந்து கட்டின பாட்டு. ஐம்பத்து மூணு நவம்பர்ல ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில பதிவு பண்ணோம். மாதிரித் தட்டை எடுத்துக்கிட்டு கிரேடி ஹாலிஸோட ஸ்டூடியோ பின்வாசல்ல போய் நின்னோம். ரெண்டு வாரம் வச்சிருந்துட்டு, இது போணியாகாதுன்னு திருப்பிக் கொடுத்துட்டார். வேற ஆளைப் பிடிச்சு எங்க தட்டு கடைக்கு வர்றதுக்கு அடுத்த ஆகஸ்ட் ஆயிடுச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே, ஏப்ரல்லயே, ஹாலிஸோட வெள்ளைக்காரப் பாடகன் டேல் ரட் பாடிட்டான்."

"இப்ப எதுக்கு இந்தக் காகிதம்?"

"ரேடியோவுல யாரோ என் தட்டைப் போட்டு, இதுதான் முதல்ல வந்ததுன்னு சொல்லிட்டாங்க. பாட்டை வாங்கப் போற நியூயார்க் கம்பெனியோட வக்கீல் வந்திருக்கார். பாட்டு கிரேடி ஹாலிஸ் எழுதினதுதான்னு அவருக்கு உறுதியாகணுமாம்." அவள் குரல் உடைந்தது. "கையெழுத்துப் போட்டா நான் திருடி. நாளைக்குக் காலையில எந்த மூஞ்சியோட பாடகர் குழு முன்னால நிப்பேன்? கோர்ட்டுக்குப் போனா என் வார்த்தைக்கு அங்க என்ன மதிப்புன்னு உங்களுக்கே தெரியும். லெமுவேல் இந்த உலகத்துல வச்சிட்டுப் போனது அந்த ஒரு பாட்டுதான், டீக்கன்."

"தட்டு இருக்கா?"

பையிலிருந்து இரண்டு இசைத்தட்டுகளை எடுத்தாள். ஒன்று அவளுடையது, மற்றது டேல் ரட்டுடையது. கடை மூலையில் எல்ஜினின் ரிக்கார்டு பிளேயர் இருந்தது. ஓசியா கண்ணை மூடிக்கொண்டார்.

"நீ சவரத்தை நிறுத்தாதே, எல்ஜின். காலால மட்டும் எண்ணிக்கிட்டே வா."

முதலில் வெர்லீனின் குரல். பின்னால் ஒரு பியானோ, ஒரு கிட்டார், அவ்வளவுதான். எல்ஜினின் கால் தரையில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தட்டியது. 'அம்மா தைச்ச நீலச்...' என்ற இடத்தில் அவள் நின்றாள். இரண்டு எண்ணிக்கை கழித்துத்தான் 'சட்டை போட்டு வா' என்று வந்தது. எல்ஜினின் கால் தடுமாறியது. இரண்டாம் சரணத்திலும் அதே இடத்தில் அதே நிறுத்தம். மூன்றாவதில் அந்த இடத்தில் வேறு வரி, நிற்காமல் ஓடிவிட்டாள்.

அடுத்து டேல் ரட்டின் தட்டு. பெரிய வாத்தியக் குழு, கீழ்ச்சுரம் வாசிக்கும் தடித்த தந்தி வாத்தியம், மேளம். அங்கேயும் முதல் இரண்டு சரணத்தில் 'நீலச்' என்று சொல்லிவிட்டு அத்தனை பேரும் இரண்டு எண்ணிக்கை காத்திருந்தார்கள். மூன்றாவதில் காத்திருக்கவில்லை.

"நம்ம புதுப் பியானோக்காரி எஸ்தர் மே புலம்புறது சரிதான் போலிருக்கு," என்றான் எல்ஜின். "சிஸ்டர் வெர்லீனுக்கு எண்ணவே வராது, எந்தக் கீர்த்தனை எடுத்தாலும் பாதி வழியில நின்னுடறாங்கன்னு போன வாரம்கூட..."

வெர்லீன் தலையைக் குனிந்துகொண்டாள். எல்ஜினுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

"லெமுவேல் உன் கடைக்கு வருவாரில்ல?" என்று கேட்டார் ஓசியா.

"சனிக்கிழமை தவறாம. நகம் வெட்ட உக்காருவார். 'எல்ஜின், எட்டு விரலுக்கு முழுக் காசா வாங்குவே?'ன்னு ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி. பஞ்சு ஆலையில இடது கையில கடைசி ரெண்டு விரலும் போச்சே. அதுக்கப்புறமும் என்னமா வாசிச்சார்! ஒருநாள்கூடத் தப்பினதில்லை."

ஓசியா எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெர்லீனின் தட்டில் மூன்றாம் சரணத்தை மட்டும் இன்னொரு முறை வைக்கச் சொன்னார். அங்கே பியானோ மேலே ஏறிச் சின்னதாகக் கிணுகிணுத்தது. கனமான கீழ்க்கட்டைச் சுரத்தைக் கிட்டார் எடுத்துக்கொண்டது.

"போகலாம்," என்றார்.

ஹாலிஸின் ஸ்டூடியோவுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. பின்வாசல் வழியாகத்தான் விட்டார்கள். உள்ளே கிரேடி ஹாலிஸ், பெரிய உடம்பை ஒரு சின்ன நாற்காலியில் திணித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூக்குக்கண்ணாடியோடு வக்கீல் ஆபட். பியானோ முன்னால் டேல் ரட். வயது இருபத்துமூன்று, இருபத்துநாலு இருக்கும்; வானொலியில் கேட்ட குரலுக்குப் பொருந்தாத, கிராமத்துப் பையனின் கூச்சமான முகம்.

"பேனா அங்க இருக்கு, வெர்லீன்," என்றார் ஹாலிஸ். "இவனுங்க யாரு?"

"சபைக்காரங்க, சார்," என்றார் ஓசியா, தொப்பியைக் கழற்றியபடி. "கையெழுத்துக்குச் சாட்சி வேணும்னா இருக்கட்டுமேன்னு வந்தோம். போடறதுக்கு முன்னாடி ஒரேயொரு சந்தேகம்."

"உன் சந்தேகத்தைத் தீர்க்க இங்க நான் கடை போடலை."

"கேட்கட்டும்," என்றார் ஆபட், நிமிராமலே. "கோர்ட்டில் கேட்கிறதைவிட இங்கே கேட்பது நல்லது."

எல்ஜின் கதவுப் பக்கம் பார்த்தான். இந்த ஊரில் இந்த மாதிரி அறையில் ஒரு கறுப்பன் ஒரு சொல் கூடுதலாகப் பேசினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். ஓசியாவோ தேநீர் வேண்டுமா என்று கேட்கிற குரலில் கேட்டார்.

"பாட்டுல 'நீலச்'ன்னு சொன்னப்புறம் ரெண்டு எண்ணிக்கை எல்லாரும் நிக்கறாங்களே, அது எதுக்கு சார்?"

ஹாலிஸ் சிரித்தார். "அதுதான்யா கலை. பெருமூச்சு விடற மாதிரி ஒரு இடம். நான்தான் அப்படி எழுதினேன். அதைக்கூட இவ அப்படியே காப்பியடிச்சிருக்கா, பாத்தியா?"

"மூணாவது சரணத்துல ஏன் நிக்கலை?"

"அங்க... அங்க தேவைப்படலை."

"முதல் ரெண்டுலயும் தேவைப்பட்டுது, மூணாவதுல படலை. சரி, சார்." ஓசியா டேல் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்க கையைக் கொஞ்சம் கடன் கொடுங்க. இடது கையில கடைசி ரெண்டு விரலையும் மடக்கிக்கிட்டு அந்த முதல் சரணத்தை வாசிச்சுக் காட்டறீங்களா? நிக்காம வாசிங்க."

"இது என்ன வித்தை?" என்றார் ஹாலிஸ்.

டேல் அதற்குள் விரலை மடக்கிவிட்டான். வாசித்தான். 'நீலச்' வரைக்கும் ஓடிய கை அங்கே சிக்கியது. கீழே இருக்கும் கனத்த கட்டைக்கு விரல் எட்டவில்லை. முழுக் கையையும் தூக்கிக் கீழே கொண்டுபோய் அழுத்திவிட்டு மறுபடி மேலே வர வேண்டியிருந்தது. இன்னொரு முறை முயன்றான். மூன்றாம் முறை, அறையில் யாரும் சொல்லாமலே, அவன் உதடு எண்ணியது: ஒண்ணு, ரெண்டு. பிறகு பாட்டு தொடர்ந்தது. சரியாக, மிகச் சரியாக, தட்டில் இருக்கிற அதே இடைவெளி.

டேல் தன் இடது கையை வேறு யாருடையதோ போலப் பார்த்தான்.

"பத்து விரல் இருக்கறவங்களுக்கு அங்க நிக்க ஒரு காரணமும் இல்லை," என்றார் ஓசியா. "எட்டு விரல் இருக்கறவருக்கு நிக்காம முடியாது. மூணாவது சரணத்துல அந்தக் கீழ்க்கட்டையைக் கிட்டார் வாசிக்குது. அதனால பியானோவும் நிக்க வேண்டியதில்லை, பாடறவளும் நிக்க வேண்டியதில்லை. உங்க குழுவுல மூணு சரணத்துலயும் அந்தக் கீழ்க்கட்டைக்குத் தந்தி வாத்தியம் இருக்கு. ஆனாலும் முதல் ரெண்டுல காத்திருக்காங்க. யாருக்காகக் காத்திருக்கோம்னு தெரியாமலே காத்திருக்காங்க, சார்."

ஆபட் கண்ணாடியைக் கழற்றினார்.

ஹாலிஸின் முகம் சிவந்தது. "அந்த லெமுவேலா? அவன் செத்தே ஒன்றரை வருஷமாச்சு! செத்தவனைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வந்து என் பாட்டைப் பிடுங்கலாம்னு பாக்கறியா?"

எல்ஜினுக்குச் சட்டென்று உறைத்தது. டீக்கன் இந்த அறைக்குள் அந்தப் பெயரைச் சொல்லவேயில்லை.

"மிஸ்டர் ஹாலிஸ்," என்றார் ஆபட் மெதுவாக, "இந்தப் பெண்ணையோ இவளோடு வாசித்தவர்களையோ வாழ்நாளில் பார்த்ததில்லை என்று எனக்கு எழுதியிருந்தீர்கள். அந்த மனிதர் என்று இறந்தார்?"

எல்ஜினுக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. "ஐம்பத்து நாலு பிப்ரவரி பதினாலு, சார். பெட்டியில வைக்கறதுக்கு முன்னால நான்தான் சவரம் பண்ணிவிட்டேன். சபைப் புத்தகத்துலயும் எழுதியிருக்கு."

"உங்க தட்டு ஏப்ரல்ல பதிவானது," என்றார் ஓசியா. "பிப்ரவரியில கண்ணை மூடினவர் ஏப்ரல்ல வந்த பாட்டைக் கேட்டு வாசிச்சிருக்க முடியாது."

"எட்டு விரல், பத்து விரல்னு கதை கட்டறான்!" ஹாலிஸ் எழுந்து நின்றார். "இவனை நம்பி—"

"கதை இல்லை," என்றான் டேல்.

எல்லோரும் திரும்பினார்கள். அவன் பியானோவைப் பார்த்தே பேசினான். "நீங்கதான் எங்களுக்கு ஒரு தட்டு போட்டுக் காட்டினீங்க, கிரேடி. ஒரு பொம்பளைக் குரல். உங்க பாட்டை மாதிரிக்காகப் பாட வச்சதுன்னு சொன்னீங்க. அந்த இடம் உதைக்குதே, சரி பண்ணிடட்டுமான்னு நான் கேட்டேன். 'இருக்கறபடியே வாசி, யாருக்குத் தெரியப்போகுது'ன்னீங்க." அவன் எழுந்தான். வெர்லீன் முன்னால் வந்து நின்றான். "எனக்குத் தெரியாது, மேடம். இனிமே எங்க பாடினாலும் இது யார் பாட்டுன்னு சொல்லிட்டுத்தான் பாடுவேன்."

அந்தக் கட்டடத்தில் ஒரு வெள்ளைக்காரன் ஒரு கறுப்புப் பெண்ணை மேடம் என்று அழைத்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும் என்று எல்ஜின் பின்னாளில் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். ஆபட் வெர்லீன் கொண்டுவந்திருந்த காகிதத்தை வாங்கி, இரண்டாகக் கிழித்து, தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"திங்கட்கிழமை கோர்ட் இருக்காது," என்றார். "பாட்டை எழுதியவர்கள் பெயரைச் சரியான எழுத்துகளோடு எனக்குச் சொல்லுங்கள், மிஸ் ஸ்டோக்ஸ்."

அவள் இரண்டு பெயர் சொன்னாள். லெமுவேலின் பெயரை முதலில் சொன்னாள்.

வெளியே சந்தில் வெயில் இன்னும் சாயவில்லை. எல்ஜினால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "சிஸ்டர், நீங்க காத்திருந்தது உங்களுக்கே தெரியுமே! முதல்லயே சொல்லியிருந்தா எங்க பாடு மிச்சமாயிருக்குமே?"

வெர்லீன் கையுறையைக் கழற்றி மடித்தாள்.

"அடிபட்டப்புறம் முதல் ஞாயித்துக்கிழமை அவர் கை நடுங்குச்சு. நான் கொஞ்சம் நின்னேன். அவர் வந்து சேந்துக்கிட்டார். அப்புறம் ஒவ்வொரு பாட்டுலயும் அப்படியே ஆகிப்போச்சு. எண்ணத் தெரியாதவன்னு என்னைத்தான் சொன்னாங்க, சொல்லட்டுமேன்னு விட்டுட்டேன். இப்ப அதெல்லாம் என் மூச்சு மாதிரி, நிக்கறேங்கறதே ஞாபகத்துல இல்லை." குரல் தாழ்ந்தது. "நான் அவருக்காக நிக்கறது அவருக்குத் தெரியக் கூடாதுன்னுதான் இருந்தேன், டீக்கன். தெரியாமலே போய்ச் சேந்தார். இன்னிக்கு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."

ஓசியா தொப்பியைக் கையிலேயே வைத்திருந்தார்.

"மூணாவது சரணத்துக் கடைசி வரி என்ன, சிஸ்டர்?"

"'மேட்டுத் தெரு விளக்கெல்லாம் ஒண்ணொண்ணா அணையறதுக்குள்ள நீ வந்து சேந்துடு.'"

"நீளமான வரி. நடுவுல நின்னா மூச்சு போதாது."

"போதாது. ஒத்திகையில ரெண்டு தடவை இருமிட்டேன்."

"அதுக்கப்புறம்தானே கீழ்க்கட்டையைக் கிட்டார்கிட்ட கொடுத்துட்டு அவர் மேல போய்ட்டார்?"

"ஆமா, அடுத்த தடவையே..." என்ற வெர்லீன் பாதியில் நின்றுவிட்டாள்.

"நீ நிக்கறது தெரியாத மனுஷன், நீ நிக்காம இருக்கட்டும்னு தன் கையை ஏன் எடுத்துக்கணும்?" என்றார் ஓசியா. "அவருக்குத் தெரியும்மா. உனக்குத் தெரிய வேண்டாம்னு அவரும் சொல்லலை. கர்த்தர் இந்த மாதிரி சின்ன விஷயங்கள்லதான் கையெழுத்துப் போடறார். அதைத்தான் யாராலயும் திருட முடியலை."

எல்ஜின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தூசி என்று முணுமுணுத்தான். வெர்லீன் சுவரில் கையை ஊன்றி நின்றாள். பிறகு மிக மெல்லிய குரலில், அந்தக் கடைசி வரியைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே மூச்சில் பாடினாள்.