புரோக்கலிக் காடு

கேரம் டவுன்ஸ் கோயிலில் கும்பிட்டுவிட்டு நேராக ஸ்பிரிங்வேலுக்கு, எங்கள் ஊர்ப்பிள்ளை நிரஞ்சினியின் வீட்டுக்குப் போனேன். விரதம். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்தான். சாப்பிட வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்ல மறந்துவிட்டேன்.

சாப்பாட்டு மேசையில் கை வைக்க இடமில்லை. கரித்துண்டுகள், மணல், முகம் பார்க்கும் கண்ணாடி. சுற்றிலும் பச்சைப்பசேலென்று புரோக்கலி!

"இதென்ன பிள்ளை, மரக்கறிக் கடையோ?"

நிரஞ்சினியின் மகள் லக்சிகா துள்ளினாள். பத்து வயது. "காடு அங்கிள்! கரிதான் மலை. கண்ணாடி ஆறு. புரோக்கலி மரம்!"

"ஆரைப் பேய்க்காட்டுறாய்?"

"சத்தியமா! இருநூற்றைம்பது வருசத்துக்கு முந்தி இங்கிலாந்திலை கெயின்ஸ்பரோ எண்டு ஒரு ஓவியர். பணக்காரரின்ரை முகத்தைப் படமாக் கீறித்தான் உழைச்சவர். ஆனா மரமும் மலையும்தான் அவருக்கு விருப்பம். இப்பிடித்தான் மேசையிலை காடு செய்து, பாத்துப் பாத்துக் கீறினவராம். புத்தகத்திலை இருக்கு!"

நான் நம்பவில்லை. புத்தகம் என்றாலே எனக்குச் சந்தேகம்.

"குனிஞ்சு பாருங்கோ அங்கிள்."

கன்னத்தை மேசையில் வைத்து, ஒரு கண்ணை மூடினேன். அட! மலையடிவாரம்! ஆற்றுக்குள் மரங்கள் தலைகீழாக நின்றன. முழங்கால் வலியே மறந்துபோனது.

"இந்தக் காட்டைக் கீறி நாளைக்குக் கிளாசிலை காட்டவேணும். போனைப் பாத்துக் கீறக்கூடாது, நேரிலை பாத்துத்தான் கீறவேணும். பாதி முடிஞ்சுது!"

அந்த நேரம் பார்த்து என் வயிறு 'கொர்ர்ர்' என்றது.

நிரஞ்சினி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஐயோ அண்ணை, பருப்பு மட்டும்தான் இருக்கு. மரக்கறியெல்லாத்தையும் இவள் காடாக்கிப் போட்டாள்."

"பருப்புப் போதும்" என்றேன். பொய்.

லக்சிகா என்னைப் பார்த்தாள். காட்டைப் பார்த்தாள். பிறகு மரங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அம்மாவிடம் கொடுத்தாள்.

"மணலை வடிவாக் கழுவுங்கோ அம்மா."

காடு சட்டிக்குள் போனது. அவள் கீறிக்கொண்டிருந்த தாளில் இடது பாதி மரங்கள், வலது பாதி வெறும் வெள்ளை. அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

கை கழுவிவிட்டு வந்து கதிரையில் சாய்ந்தேன்.

"அங்கிள்! அசையாதேங்கோ!"

"ஏன், சிலந்தியோ?"

"இல்லை! கெயின்ஸ்பரோ மரத்துக்கு முன்னாலை ஆக்களை வைச்சும் கீறினவர். வெள்ளையாக் கிடக்கிற பக்கத்திலை நீங்கள்தான் இருக்கப்போறியள்!"

ஒரு மணித்தியாலம் சிலைபோல இருந்தேன். மூக்கு கடித்தது. சொறியவில்லை.

"மூக்கைக் கொஞ்சம் சின்னனாக் கீறன் பிள்ளை."

"ஏலாது! பாத்துத்தான் கீறவேணும்!"

அடுத்த நாள் பின்னேரம் போன் அடித்தது. காது கிழிய ஒரு கத்தல்.

"அங்கிள்! எல்லாரும் கை தட்டினவை! மற்றப் பக்கத்துக் காடு எங்கை எண்டு ரீச்சர் கேட்டவ!"

"நீ என்ன சொன்னனி?"

"அங்கிளின்ரை வயித்துக்குள்ளை எண்டு சொன்னனான்!"