மொட்டுத் தாமரையைப் பறித்த விரல்

பகல் ஒரு மணி. ரேஷன் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தன் முறைக்குத் தண்ணீர் விடலாம் என்று போனைத் திறந்தாள் ஜெபசெல்வி. குளம் காலியாக இருந்தது. காலைவரை மொட்டோடு நின்ற வெள்ளைத் தாமரைகளில் ஒன்றுகூட இல்லை.

போனுக்குள் இருக்கும் குளம்தான். அதற்கா இவ்வளவு கோபம் என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். 'பசுமைத்தோப்பு' என்ற தோட்ட விளையாட்டில் மார்கழிப் பூவிழா நடந்துகொண்டிருந்தது, மறுநாளோடு முடிகிறது. ஏரிக்கரைக் கிராமமான தோணிரேவில் நான்கு பேர் ஓர் அணி. தலைவன் உதயகுமார், பழவேற்காடு கடைத்தெருவில் மொபைல் கடை வைத்திருப்பவன். அடுத்தவன் ஷேர் ஆட்டோ ஓட்டும் பிராங்க்ளின். ஜெபசெல்வி ரேஷன் கடையில் பில் போடுபவள். நான்காவது ஆள் தேவி. ஏரியில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பவள்.

திட்டம் தேவியுடையது. மற்ற அணிகள் முதல் நாளே கண்டதையும் நட்டு விற்றுத் தீர்த்தன. கடைசி நாளில் மலரும் வெள்ளைப் பூவுக்கு மட்டும் மும்மடங்கு புள்ளி என்பதைக் கவனித்தவள் இவள் ஒருத்திதான். முதல் வாரம் மல்லிகை மட்டும் நட்டு, அந்த விளையாட்டின் காசான பனித்துளியைச் சேர்த்தார்கள். அதையெல்லாம் கொட்டித் தாமரை விதை வாங்கிப் பொதுக்குளத்தில் போட்டார்கள். ஏரியில் வலை போடப் பாடு வைத்து முறை மாறுகிறார்கள் அல்லவா, அதேபோல் குளத்துக்குத் தண்ணீர் விடவும் பாடு வைத்தாள் தேவி. தாமரை மட்டும் மலர்ந்திருந்தால் முதலிடம் இவர்களுக்குத்தான்.

முதலிடம் பெறும் அணியில் திட்டம் போட்டவருக்கு வீட்டிலிருந்தபடியே செய்யும் வேலை தருவதாகக் கம்பெனி அறிவித்திருந்தது. தமிழில் விளையாடுபவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், மாதச் சம்பளம். தேவி அந்த வேலையைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள். தண்ணீரை விட்டு ஏற அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

உதயகுமார் ஏற்கெனவே தகவல் போட்டிருந்தான். தாமரையை மொட்டாகவே பறித்தது தேவியின் கணக்கு. நேரம் பதினொன்று பத்து. பொதுக்குளத்தில் பறிக்க வேண்டுமானால் போனின் பூட்டைத் திறப்பதுபோல் உறுதி செய்ய வேண்டும். எண் போட்டால் அணியின் பதிவில் எண் அடையாளம் விழும், விரல் வைத்தால் கட்டைவிரல் படம் விழும். விழுந்திருந்தது கட்டைவிரல். அவளே கைவைத்துப் பறித்திருக்கிறாள், இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று எழுதி, அவளை அணியிலிருந்தும் நீக்கிவிட்டான்.

ஜெபசெல்விக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாதாமாதம் ஓடிபி வரும்வரை காத்திருந்து அவளுக்கு அரிசி போட்டதற்கு இதுவா பலன்? எந்த அணியிடம் விலை போனாள்? கடையைப் பூட்டினாள். ஏரிக்கரைக்கு நடந்த வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனாள்.

கரையில் பிராங்க்ளினின் ஆட்டோ நின்றது. இறால் பிடிக்கும் பெண்கள் போன்களைப் பையில் போட்டு அவன் வண்டியில்தான் வைத்துவிட்டு இறங்குவார்கள். தேவி கூடையோடு கரையேறி வந்தாள். ஜெபசெல்வி பிடித்துக்கொண்டாள். நன்றி கெட்டவள், கூட இருந்தே குழி பறித்தவள் என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினாள். தேவிக்கு ஒன்றும் புரியவில்லை. கையைப் புடவையில் நன்றாகத் துடைத்து, பையிலிருந்து போனை எடுத்து, நான்கு எண்களை ஒவ்வொன்றாகத் தட்டித் திறந்தாள்.

"என்னை ஏன்க்கா டீம்லேர்ந்து எடுத்துட்டீங்க?"

ஜெபசெல்வியின் வாய் சட்டென்று நின்றது. அந்தக் கையையே பார்த்தாள். கோபம் குறையவில்லை, வேறு பக்கம் திரும்பியது. பிராங்க்ளினைக் கூப்பிட்டாள்.

"பதினோரு மணிக்கு நீ எங்க இருந்த?"

"இங்கதான்."

"தேவி கரையேறி வந்தாளா?"

"கூடை கொட்ட ஒரு தபா வந்துச்சு. வண்டிக்கும் வந்துச்சு, தண்ணி குடிச்சிட்டு எறங்கிச்சு."

"வேற யாரு வந்தது?"

"உதயா வந்தான், எறா வாங்க. வண்டியில குந்தியிருந்தான். நான் போயி எடை போட்டு வாங்கியாந்தேன்."

"தேவி போனைத் தொறக்கற நம்பர் உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றான். தன்னையா சந்தேகப்படுகிறாள் என்று அவன் முகம் சிவந்தது. வண்டியை எடு, எல்லோரும் கடைத்தெருவுக்குப் போகிறோம் என்றாள் ஜெபசெல்வி.

உதயகுமார் எவனுடைய போனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான். தேவியைப் பார்த்ததும், திருடிக்கு இங்கென்ன வேலை என்று ஆரம்பித்தான். ஜெபசெல்வி தேவியின் போனைப் பூட்டி மேசைமேல் வைத்தாள். தேவியின் கட்டைவிரலைப் பிடித்து வைத்தாள். திறக்கவில்லை. மற்றக் கையின் கட்டைவிரலையும் வைத்துப் பார்த்தாள். அதற்கும் திறக்கவில்லை.

"இவ ரேகை சேத்துல தேஞ்சு போச்சு. என் மெஷின்ல ஒரு மாசம்கூட இவ வெரல் விழுந்ததில்ல. ஓடிபி வாங்கித்தான் பில் போடறேன். இவ போன்லயும் நம்பர்தான் தட்டுவா. கட்டைவெரல் படம் விழுந்துச்சுன்னா பறிச்சது இவ இல்லைன்னு அர்த்தம்."

வேறொருவன் விரலைப் போனில் ஏற்ற வேண்டுமானால் அந்த நான்கு எண்ணும் தெரிந்திருக்க வேண்டும். போன தீபாவளிக்கு இந்தப் போனை விற்று, எண்ணை வைத்துக்கொடுத்தது யார் என்று கேட்டு, உன் விரலை வை என்றாள். தன் கையில் பசை இருக்கிறது என்றான் உதயகுமார். பிராங்க்ளினுக்கு அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது போதும்போல. எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்து, பசையைத் தன் சட்டையிலேயே துடைத்து, கட்டைவிரலைப் போனில் அழுத்தினான்.

திறந்துகொண்டது.

ரிப்பேருக்கு வசதியாக இருக்கும் என்று அப்போதே ஏற்றி வைத்தது என்றான் உதயகுமார். பிறகு தானே உளறினான். அணிக்குத் தலைவன் அவன், கடை வைத்திருப்பவன் அவன். இறால் தடவுகிறவளுக்கா கம்பெனி வேலை? ஜெபசெல்வி கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். அவன் எல்லோரையும் பார்த்துச் சிரிக்க முயன்றான்.

"வெளையாட்டுக்குப் போயி இம்மாம் ஆர்ப்பாட்டமாக்கா?"

தேவி போனை அவன் முன்னால் தள்ளினாள்.

"உனக்கு வெளையாட்டுண்ணா. மொதல்ல என் போன்ல கீற உன் வெரல எடு."

அவன் அழித்தான். தேவி போனை வாங்கி, எண்ணை மாற்றிப் பூட்டினாள்.

கம்பெனிக்கு இப்போதே எழுதுகிறேன், இவனை விடப்போவதில்லை என்றாள் ஜெபசெல்வி. எழுதுங்கக்கா என்றாள் தேவி. ஆனால் தாமரை மலர ஐந்து நாள் வேண்டும், விழா நாளைக்கே முடிகிறது; அந்தக் கணக்கு அங்கே எல்லோரையும்விட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். காலையில் பிடித்தது அரைக்கூடைதான், வண்டியை எடு என்று பிராங்க்ளினிடம் சொன்னாள்.

ஜெபசெல்வி கடைத்தெருவிலேயே நின்று உதயகுமாரைத் திட்டிக்கொண்டிருந்தாள். எவ்வளவு திட்டியும் அவளுக்கு ஆறவில்லை. மூன்று மணிக்குத் தேவி மறுபடி தண்ணீரில் இறங்கினாள்.