டியூப் மட்டம்

"ஏனுங்க... நிறுத்துங்க!"

டிராக்டருக்கு முன்னால் கைகளை விரித்து நின்றவளைக் கண்டு மகுடேஸ்வரன் பிரேக்கை மிதித்தான். எவ்வளவு பெரிய கண்கள்... அவற்றில் எவ்வளவு கோபம்!

"மேட்டுல இருந்து பள்ளத்துக்கு உழுதா ஒவ்வொரு சாலும் வாய்க்கால் ஆயிருமுங்க. மண்ணை அடிச்சுட்டுப் போயிரும். சரிவுக்குக் குறுக்கால ஓட்டுங்க."

"நான் ஓட்டுன சால் நூல் புடிச்சாப்புல இருக்கும்னு வெள்ளகோவில் வரைக்கும் பேருங்க. இப்படிக் கோணலா ஓட்டுனா ஊரு சிரிக்கும்!"

"சிரிக்கட்டுமுங்க. போன மண்ணு திரும்பி வருமுங்களா?"

வழிமறித்த ஜனனிக்கு இது விளையாட்டில்லை. மேல்மண் கரைந்து சரிவில் கல் தெரியத் தொடங்கிவிட்டது. இந்த மழைக்கும் மண் போனால் குடோன் கட்டக் கேட்பவருக்கே நிலத்தை விற்றுவிடுவதாக அப்பா தங்கவேலு சொல்லிவிட்டார். நெருப்பெரிச்சலில் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்திருந்தாள்.

"சரிங்க... குறுக்கால ஓட்டறதுக்குக் கோடு யாரு போடறது?" என்றான் அவன்.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் நீள டியூபை எடுத்தாள். உள்ளே தண்ணீர். இரு முனைகளும் அளவு குறித்த இரண்டு கம்புகளில் கட்டியிருந்தன.

"ஆளுக்கொரு கம்பு. ரெண்டுலயும் தண்ணி ஒரே அளவுல நின்னா, நாம நிக்கிற இடமும் ஒரே உயரமுங்க. அங்க குச்சி நடணும். குச்சியைச் சேத்து வரப்பு போட்டா மழைத்தண்ணி ஓடாம நின்னு ஊறும். நடக்கறப்ப சிந்தாம வாயை மூடிக்குங்க. அளவு பாக்கறப்பத் தொறந்துருங்க."

"என் வாயையா?"

"டியூப் வாயை!" சிரிப்பை உதட்டில் கடித்துக்கொண்டாள்.

அன்று முழுவதும் டியூபின் இந்த முனையில் அவன்... அந்த முனையில் அவள்.

குச்சிகளின் வழியே வரப்பு போட்டபடி டிராக்டர் வளைந்து வளைந்து போனது. பைக்கில் போன சென்னியப்பன் கத்தினார். "ஏன்டா மகுடேசா, தண்ணியப் போட்டுட்டு ஓட்டறயா?"

"ஆமாங்க மாமா... டியூபுல!"

மூன்றாம் நாள் மழை கொட்டியது. அப்பாவும் மகளும் ஓடி வந்தபோது ஏழு வரப்புகள் தண்ணீரைத் தாங்கி நின்றன. எட்டாவது மட்டும் நடுவில் உடைந்து, சிவந்த நீர் பாய்ந்துகொண்டிருந்தது. அதில் முழங்காலளவு நின்று மகுடேஸ்வரன் மண்வெட்டியால் அடைத்துக்கொண்டிருந்தான்.

ஜனனியும் இறங்கிக் கல் எடுத்துக் கொடுத்தாள். கால்மணி நேரத்தில் உடைப்பு நின்றது.

"இந்த இடம் மட்டும் எப்படிங்க தாழ்ந்துச்சு? அளவு பாத்துத்தானே போட்டோம்..."

அவன் தலை குனிந்தான். "தப்பு என்னுதுங்க. இங்க அளவு பாக்கறப்ப டியூப் வாயில வெச்ச விரலை எடுக்க மறந்துட்டேன். மூடுனா தண்ணி மட்டத்துக்கு வராதுங்களே..."

"ஏனுங்க மறந்தீங்க?"

"நான் டியூபைப் பாக்கலீங்க... உங்களைத்தானுங்க பாத்துட்டிருந்தேன்."



பள்ளத்தில் நின்ற தங்கவேலு உடைப்பு நின்றபின் கடைசி வரப்பில் கசிந்து வந்த நீரை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். கலங்கல் இல்லை; மண் மேலேயே தங்கிவிட்டது. "குடோன்காரர்கிட்ட வேண்டாம்னு சொல்லிப்போடறேன் கண்ணு!" என்று கத்திவிட்டு வீட்டை நோக்கி நடந்தார்.

ஜனனி சேற்றுக் கையால் நெற்றி முடியை ஒதுக்கினாள்.

"நீங்க விரலை எடுக்கலீன்னா என் பக்கம் தண்ணி அசையாம நின்னிருக்கும். பாத்திருந்தா அப்பவே கண்டுபுடிச்சிருப்பேன்..."

"அப்புறம் ஏனுங்க கண்டுபுடிக்கலை?"

அந்தப் பெரிய கண்கள் ஒருமுறை நிமிர்ந்தன.

"நானும் டியூபைப் பாக்கலீங்க."