தைத்த திரை

காலை பதினோரு மணியாகியும் செடி விரியவில்லை. சாயங்கால வெளிச்சம் மங்கும்போது இலைகளையெல்லாம் மேலே தூக்கி ஒன்றோடொன்று சேர்த்துக்கொள்வதும், விடிந்ததும் தாழ்த்தி விரிப்பதும் அந்தக் கலாத்தியாவின் வழக்கம். நான்கு வருடத்தில் ஒரு நாளும் தவறியதில்லை. இன்று விறைத்து நின்றது. மேல்பக்கத்துப் பச்சைக் கோடுகள் உள்ளே மறைந்து, அடிப்பக்கத்தின் கருஞ்சிவப்பு மட்டும் தெரிந்தது, அறுத்து நிறுத்திய ஈரல் மாதிரி.

சாகட்டும் என்று நினைத்தாள்.

அறை வாசலோடு நின்றுகொண்டாள். கணவன் இறந்த இருபத்து மூன்று நாட்களில் ஒரு முறைகூட உள்ளே போனதில்லை. அங்கிருந்து வரும் வாடையே போதும்: ஊறிய தேங்காய் நார், தொட்டிக்கு அடியில் கூழாங்கல் தட்டில் தேங்கிய நீர், மூடியே கிடந்த திரைத்துணியின் பூஞ்சை, எல்லாவற்றுக்கும் அடியில், இன்னும் போகாத அவனுடைய இருமல் மருந்தின் இனிப்பு.

வாங்கும்போதே நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். "மழைக்காட்டுல பெரிய மரத்துக்கு அடியில வளர்றது சார். நேர் வெயில் ஆகாது, வறண்ட காத்து ஆகாது, குழாய்த் தண்ணியும் ஆகாது. புது மாப்பிள்ளை மாதிரி. எதுல குறை வெச்சாலும் மூஞ்சியத் தூக்கிக்கும்."

அவன் சிரித்துக்கொண்டே வாங்கிவந்தான். வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடும் வேலை அவனுக்கு. அந்த மேற்கு அறைதான் ஆபீஸ். செடிக்காக முதலில் திரை வந்தது, பிறகு நீராவி விடும் மிஷின். சுவர் கசிந்தது. வரைபடத் தாள்கள் நெளிந்தன. அவன் இருமத் தொடங்கினான். வெயில் வரும் அறைக்கு மாறச் சொன்னார் டாக்டர். தம்பியைக் கவனிக்க வந்திருந்த நாத்தனாருக்கு அது பிடிக்கவில்லை.

"டாக்டருக்கு என்ன தெரியும்? செடியப் பாரு, எப்படித் தழைச்சிருக்கு. செடிக்கு ஒத்துக்கிற காத்து மனுஷனுக்கு ஒத்துக்காதா?"

அவனும் நம்பினான். உடம்பு எப்படியிருக்கிறது என்று காலையில் அவள் கேட்டால் செடியைத்தான் திரும்பிப் பார்ப்பான். "இலை விரிஞ்சிருச்சு. எனக்கு ஒண்ணுமில்ல." அவன் மூச்சு நின்ற காலையிலும் இலைகள் தட்டுத் தட்டாய் விரிந்திருந்தன. புதிதாக ஒரு குருத்து வேறு.

காரியமெல்லாம் முடிந்தும் நாத்தனார் கிளம்பவில்லை. வாளியில் ஒரு நாள் வைத்த தண்ணீரை ஊற்றினாள். ஒவ்வோர் இலைக்கும் அடியில் இடது உள்ளங்கையைக் கொடுத்து ஈரத்துணியால் துடைத்தாள். திரையின் இரண்டு பாதியையும் நடுவில் சேர்த்துக் கறுப்பு நூலால் தைத்தேவிட்டாள். அதுவரை வாசலோடு நின்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். போன வாரம் நாத்தனார், தம்பியின் ஒன்பது வயது மகளையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். நேற்று மகள் இருமினாள். நெஞ்சுக்குள் தண்ணீர் புரளும் அதே இருமல்.

இரவே அவள் தன் தம்பிக்குப் போன் செய்தாள். இன்று நாலு மணிக்குக் கார் எடுத்துக்கொண்டு வந்து மகளைக் கூட்டிப்போவதாகச் சொன்னான்.

இரண்டு மணிக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது இருமல் கேட்டது. மேற்கு அறையிலிருந்து.

ஈரக் கையோடு ஓடினாள். அரையிருட்டில் செடி அகல விரிந்திருந்தது. பக்கத்தில் முக்காலியில் மகள். எதிரே நாத்தனார்.

"அண்ணி, இவளை இங்க விடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"கத்தாதே. காலையிலேர்ந்து மூடியே கெடந்துச்சு. வாண்டு வந்து உக்காந்தப்புறம்தான் விரிஞ்சுது."

"வாண்டு, எழுந்து வா."

"இரும்மா. அத்தை துடைச்சு முடிக்கட்டும்."

அப்போதுதான் பார்த்தாள். நாத்தனாரின் இடது உள்ளங்கைக்கு மேல் மகளின் முழங்கை இருந்தது. ஈரத்துணி தோளில் தொடங்கி, நரம்போட்டத்தின் வழியே, விரல் நுனிவரை மெதுவாக இறங்கியது.

"இவ இன்னைக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போறா. இந்தச் சனியனை நான் வெயில்ல கருக்கப்போறேன்."

"என் தம்பி வளர்த்தது."

"உங்க தம்பியத் தின்னது."

"ஆத்திரத்துல எதையும் செஞ்சுடாதே. இப்ப வெயில் பட்டா அதுக்கு மட்டும் படாது."

காதில் வாங்கவில்லை. அவனுடைய மேசையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். கறுப்பு நூல் பட் பட்டென்று தெறித்தது. நாத்தனார் உட்கார்ந்த இடத்திலிருந்தே "வேண்டாம்மா" என்றாள். அந்தக் குரலில் முதல்முறையாகப் பயம் இருந்தது. அது அவளுக்கு இனித்தது. திரையை இழுத்துத் திறந்தாள்.

மேற்கு வெயில் பாய்ந்து செடியில் விழுந்தது. ஓர் இலையின் ஓரம் பழுத்தது. சுருண்டது. அடுத்த இலை. அதற்கடுத்தது. நான்கு வருட ஆத்திரமும் ஒரே மூச்சில் இறங்கியது. அந்த ஒரு கணம் சந்தோஷமாக இருந்ததை அவள் பிறகு ஒருபோதும் மன்னிக்கவில்லை.

பின்னால் ஒரு சத்தம். காய்ந்த தாள் மடங்குவது போல.

திரும்பினாள்.

வெயில் மகள்மேல் விழவே இல்லை. நிழலில்தான் இருந்தாள். அவளுடைய காது மடலின் ஓரம் பழுத்திருந்தது. சுருண்டுகொண்டிருந்தது. பிறகு விரல் நுனிகள்.

"அம்மா. எரியுது."

திரையின் இரண்டு பாதியையும் இழுத்துச் சேர்த்தாள். முஷ்டிக்குள் இறுக்கினாள். சத்தம் நின்றது. பிடி தளர்ந்தது. சத்தம். மறுபடி இறுக்கினாள்.

முதுகுக்குப் பின்னால் நாத்தனார் தண்ணீர் தெளிக்கத் தொடங்கினாள். ச்ஸ். ச்ஸ். யார்மேல் என்று திரும்பிப் பார்க்க முடியவில்லை. திரும்பினால் துணி நழுவும். கத்தரித்த தையல் கீழே இன்னும் ஒரு சாண் பிளந்திருந்தது. அவளுக்குக் கைகள் இரண்டுதான். முழங்கால்களை மடக்கி அந்த இடத்தில் அழுத்தினாள்.

சூரியன் இறங்க இன்னும் நாலு மணி நேரம்.

முழங்கால்களுக்கு நடுவே நூலிழைபோல் ஒரு வெளிச்சம் தரையில் விழுந்தது. நீண்டது. தொட்டியின் விளிம்பில் ஏறியது.