மூன்றாவது கழுத்து

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து ரொனி இரும்பு அடிமட்டத்தை வைத்துப் பார்த்தபோது கிட்டாரின் கழுத்து மறுபடி இடப்பக்கம் சாய்ந்திருந்தது. ரெண்டு மில்லிமீட்டர். காலையில் இதே மேசையில், இதே ஜன்னல் வெளிச்சத்தில், மூன்று தடவை அளந்து நேராக வைத்துவிட்டுப் போன கழுத்து.

திட்டுவதெல்லாம் போன வாரமே தீர்ந்துபோயிருந்தது.

அவன் செய்யும் முதல் கிட்டார் அது. அம்பிட்டிய வீட்டின் பின்னறையில், கந்தோர் வேலை விட்டு வந்த மாலைகளில் பக்கப் பலகைகளைச் சூடாக்கி வளைத்ததும் முகப்பையும் முதுகையும் ஒட்டியதும் பிசகில்லாமல்தான் நடந்தன. கழுத்தைப் பொருத்துவதில்தான் நாலு வாரம் போய்விட்டது. கழுத்தின் அடியில் நாக்கு மாதிரி நீட்டியிருக்கும் கட்டை, உடலின் முனையில் வெட்டிய பள்ளத்துக்குள் போய் இறுக்கமாக உட்கார வேண்டும். பிறகு முகப்பின் வட்டத் துளை வழியாகக் கையை விட்டு, உள்ளே ரெண்டு போல்ட்டுகளுக்கு நட் முடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. முதல் கழுத்து முன்பக்கம் தொங்கியது. இரண்டாவதை அதிகமாகச் சீவிக் கெடுத்தான். இது மூன்றாவது.

நாளைக்குக் காலையில் மாதா கோவில் திருவிழாப் பூசை. சொந்தமாகச் செய்த கிட்டாரோடு வருவதாகப் பாடகர் குழுவில் எல்லாருக்கும் முன்னால் சொல்லியிருந்தான். "செய்ங்க ரொனி, நல்ல விஷயம். எதுக்கும் பழைய கிட்டார குடுத்துறாதீங்க" என்றார் குழுவை நடத்தும் யாகப்பர். நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகவே மறுநாள் பழைய கிட்டாரை மச்சான் மகளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தவன் ரொனி.

மரம் விற்ற மடவளைக் கடைக்குப் போனில் கோல் எடுத்தான்.

"பாயிஸ் நானா, நீங்க தந்தது ஈர மரமா? தினமும் அதே ரெண்டு மில்லிமீட்டர் முறுக்குது."

"எட்டு வருஷம் காஞ்ச மஹோகனி தம்பி. மரம் முறுக்கினா முறுக்கின பக்கமே நிக்கும். நீங்க நேராக்க நேராக்க, திரும்பித் திரும்பி அதே அளவுக்கு வராது."

பாயிஸ் சொன்னது சரியாக இருந்ததுதான் எரிச்சலைக் கூட்டியது. ரொனி போனை வைத்தான்.

மழை பிடித்துக்கொண்டது. ஹந்தானை மலை இருந்த இடத்தில் இப்போது வெறும் வெள்ளைப் பனிப்புகார். தகரக் கூரையில் மழை ஒரே சீராக இரைய, அறைக்குள் மரத்தூளும் பசையும் கலந்த புளிப்பு வாடை அடர்ந்து, மூன்று மணிக்கே மேசையில் உளிகள் அரையிருட்டில் மங்கிக் கிடந்தன.

எங்கே இடிக்கிறது என்று பார்க்கச் சோக் பூசுவது அவன் வழக்கம். டீச்சரான மனைவி ஷிராணியின் பள்ளிக்கூடப் பெட்டியில் எடுத்த நீலச் சோக்கைப் பள்ளத்தின் உட்சுவர்களில் தேய்த்து, கழுத்தை உள்ளே தள்ளி, வெளியே இழுத்தான். இடிக்கும் இடத்தில் நீலம் ஒட்டும். அந்த இடத்தை மட்டும் உளியால் சீவிவிடலாம். இன்று பக்கங்களில் ஒன்றும் ஒட்டவில்லை. நாக்கின் நுனியில், எதிலுமே படாத அந்த முகத்தில், நீலம் இருந்தது. வரிசையாக நாலு புள்ளி. எதிர்ப்பக்கம் ஒன்று.

தன் விரல்தான் பட்டிருக்கும் என்று நினைத்து, தன் விரல்களை அவற்றின் மேல் வைத்துப் பார்த்தான். பொருந்தவில்லை. புள்ளிகள் சின்னவை.

துடைத்தான். மறுபடி தள்ளி இழுத்தான். அதே ஐந்து. இந்தத் தடவை இன்னும் அழுத்தமாக, மெல்லிய ரேகைகளோடு.

"ஷிராணி, நீ இதத் தொட்டியா?"

"நான் எதுக்குத் தொடுறேன்?" முன்னறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "கொப்பி திருத்திக்கிட்டு இருக்கேன்."

"யாரோ தொட்டிருக்காங்க."

"வீட்ல நாம ரெண்டு பேருதானே இருக்கோம்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ரொனி அறையின் மூலைகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். உடனே அதற்கும் கோபம் வந்தது. நாலு வாரம். மூன்று கழுத்து. இனி அளப்பதுமில்லை, சீவுவதுமில்லை என்று முடிவுகட்டி, பள்ளம் நிறையப் பசையைப் பிழிந்து கழுத்தைச் செருகினான். சாய்ந்தால் சாயட்டும். கிட்டாரை மல்லாக்கப் போட்டு, வலது கையால் கழுத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கையை வட்டத் துளைக்குள் விட்டான். முதல் நட் ஏறியது. இரண்டாவதற்கு வைத்திருந்த வாஷர் விரலிலிருந்து நழுவி உள்ளே விழுந்தது.

அவனுக்கு அழுகை வரும்போல இருந்தது. பசை காய்ந்துகொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளே துழாவினான். அடிப்பலகை. குறுக்குச் சட்டம். மரத்தூள். அடிப்பலகை. வாஷர் இல்லை. களைத்துப்போய் உள்ளங்கையை விரித்தபடி ஒரு நொடி அப்படியே விட்டான்.

வாஷர் அவன் உள்ளங்கையில் வைக்கப்பட்டது.

சின்னப்பிள்ளை கையில் டொபி வைப்பதுபோல, மெதுவாக. வைத்தபிறகு அவன் விரல்கள் ஒவ்வொன்றாக மடக்கப்பட்டன.

கையைப் பிடுங்கியபோது துளையின் விளிம்பு மணிக்கட்டைக் கிழித்தது. போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தான். சட்டங்கள். தூள். பென்சிலால் அவன் எழுதிய அவனுடைய பெயர். வேறொன்றும் இல்லை. கையில் வாஷர் இருந்தது. சூடாக.

எழுந்து போயிருக்கலாம். கால் கதவுப்பக்கம் திரும்பியும் விட்டது. அப்போது கழுத்து கண்ணில் பட்டது.

நேராக இருந்தது.

அடிமட்டத்தை வைத்தான். மயிரிழை பிசகவில்லை. நாலு வாரத்தில் முதல் தடவை. இன்னும் ஒரு நட். இப்போது விட்டால் பசை இறுகும், சாய்ந்துவிடும், நாளைக்கு யாகப்பர் சிரிப்பார். ஒரே ஒரு நட். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இடது கையை உள்ளே விட்டான்.

விரல் இரண்டாவது போல்ட்டைத் தொட்டது. நட் ஏற்கெனவே அதில் இருந்தது. சுழன்றுகொண்டிருந்தது.

அவன் சுழற்றவில்லை.

நட் நின்றது. ஏதோ அவன் மணிக்கட்டைப் பிடித்தது. முரட்டுத்தனமாக இழுக்கவில்லை, அழைத்துப்போனது. முழங்கை உள்ளே போயிற்று. பிறகு புயம். அவன் கன்னம் முகப்புப் பலகையில் வந்து பதிந்தது. பெட்டியின் ஆழம் நாலு அங்குலம். அதற்குள் தோள்வரை அவன் கை. மேசை அசையவில்லை. பலகை வெடிக்கவில்லை.

உள்ளே இதமான சூடு. விரல்கள் எதன் மேலோ வைக்கப்பட்டன. மரமில்லை. தோல். சவரம் செய்து ரெண்டு நாளான சொரசொரப்பு. பக்கவாட்டில் ஒரு நரம்பு, துடித்துக்கொண்டு.

ரொனி எச்சில் விழுங்கினான்.

அவன் விரல்களுக்கு அடியில் ஒரு குரல்வளை ஏறி இறங்கியது.

"ஏங்க, பால் இல்ல, பிளேன்டி போடவா?" ஷிராணி முன்னறையிலிருந்து கேட்டாள்.

பதில் சொல்ல வாயைத் திறந்தான். மரத்தூள் ஒட்டிய ஐந்து விரல்கள் அவன் கழுத்தில் இருந்தன. ஒன்றில் அவனுடைய கல்யாண மோதிரத்தின் குளிர். அந்த விரல்களின் மேல் வேறு விரல்கள் வந்து படிந்தன. சின்னவை. ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், அவை அழுத்தத் தொடங்கின.