தொப்பி கழற்றாதவர்

இருவரும் பந்தை அடித்து முடித்த பிறகும் கிளைட் வண்டியில் ஏறவில்லை. கோல்ஃப் மட்டையை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டபடி, பந்து வைத்து அடிக்கும் அந்த வெறும் இடத்தையே பார்த்து நின்றார். பிறகு அவர் தலை மெல்ல நிமிர்ந்து, வானத்தில் எதையோ பின்தொடர்ந்து போய், தூரப் புல்லில் இறங்கியது.

"நல்ல அடி," என்றார்.

"யாரு அடிச்சது?" என்றார் கூட ஆடிய ஹார்லன்.

"அவருதான்."

ஹார்லன் மேலே கேட்கவில்லை. மறதி நோய்க்காரரிடம் வாதாடி ஜெயிக்கிற ஆசையெல்லாம் எப்போதோ விட்டுப்போயிற்று. கிளைட்டுக்குக் கட்டிய மனைவி நோரினின் பெயரே மறந்துவிட்டது. பாதி ஆயுள் கூடவே ஆடிய ஹார்லனை 'நண்பரே' என்று கூப்பிட்டுச் சமாளித்தார். ஆட்டத்தின் மரியாதை மட்டும் எலும்பில் ஊறிக் கிடந்தது. அடுத்தவர் அடிக்கும்போது அசையக் கூடாது. அவர் பந்து உருளப்போகும் புல்லை மிதிக்கக் கூடாது. கடைசிக் குழி முடிந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கை குலுக்க வேண்டும்.

விடிந்ததும் ஹார்லன் அவரைக் கூட்டி வருவது ஆட்டத்துக்காகவா? ராத்திரி முழுக்கப் புருஷன் பின்னாலேயே வீட்டுக்குள் அலைகிற நோரின் இந்த நேரத்திலாவது கண்ணயரட்டும் என்றுதான். "பத்திரமா திருப்பிக் கூட்டிட்டு வந்துடுங்க, ஹார்லன்," என்பாள். அதற்குமேல் பேச அவளுக்குத் தெம்பிருக்காது. ஹார்லனுக்கும்தான் அலுத்துவிட்டது. முழங்கால் வலி, தூக்கமில்லாத கண். இன்று காலை காபி போடும்போது, ஒரே ஒரு நாள் யாராவது இந்த ஆளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டால் தேவலை என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார்.

குட்டையான மைதானம், ஒன்பதே குழி. குடியிருப்பின் மதிற்சுவர்கள் ஒரு பக்கமும் அரிசோனாவின் கள்ளிக்காடு மறுபக்கமும் நெருக்க, நடுவில் நாடா போலக் கிடந்தது புல். ஜூன் மாதம். குளிருக்குத் தப்பி வந்தவர்களெல்லாம் வடக்கே மின்னசோட்டாவுக்கே திரும்பியிருந்தார்கள். இழுத்து மூடிய ஜன்னல்கள், நீர்தெளிப்பானின் சிக் சிக் சத்தம், நனைந்த கிரியோசோட் பாலைப்புதரிலிருந்து வரும் பொய்யான மழை வாசனை, அதற்கு அடியில், பூட்டிய அறையைத் திறந்தால் வருமே, அப்படி ஒரு குளிர்ந்த வாடை.

இரண்டாவது குழியருகே கிளைட் எதையோ மிதிக்காமல் சுற்றிப்போனார். ஈரப் புல்லில் அவர் தடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தடம் இருந்தது. புல்வெட்டுகிறவனுடையதாக இருக்கும் என்று ஹார்லன் சொல்லிக்கொண்டார். நான்காவது குழிக்குள் தன் பந்தை எடுக்க ஹார்லன் கையை விட்டபோது, மஞ்சள் பூத்த பழைய பந்து ஒன்று விரலில் பட்டது. ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது.

ஐந்தாவதில் கிளைட்டின் பந்து கள்ளிக்காட்டுக்குள் போயிற்று. போனால் போனதுதான், பாம்புக்குப் பயந்து யாரும் உள்ளே போவதில்லை, ஓரத்தில் வேறு பந்து போட்டு ஆடுவார்கள்.

"அவரு எடுத்துத் தரேங்கறாரு," என்றபடி கிளைட் நடந்தார்.

"யோவ், போகாதய்யா! பாம்பு கிடக்கும்!"

புதர் மூடிக்கொண்டது. நீர்தெளிப்பான் நின்றது. காடைகளும் வாயை மூடின. ஹார்லன் கத்திக்கொண்டே ஓரத்தில் நொண்டி ஓடினார். நோரினுக்கு என்ன பதில் சொல்வது?

கொஞ்சம் தள்ளி, வேறொரு இடத்திலிருந்து வெளியே வந்தார் கிளைட். கையில் பந்து. கால்சட்டையில் ஒரு முள்கூட இல்லை.

"போலாமா, ஹார்லன்?"

தன் பெயரைக் கேட்டதும் ஹார்லனுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னய்யா சொன்னே? இன்னொரு தடவை சொல்லு!"

"ஹார்லன். நோரினைத்தான் ரொம்பப் படுத்திட்டேன், பாவம்."

ஆறாவது குழியில் ஹார்லன் குனிந்து குறிபார்த்தபோது, பந்து உருளப்போகும் கோட்டின் மேலேயே சரக் சரக்கென்று மிதித்துக்கொண்டு நடந்தார் கிளைட்.

ஏழாவதில், ஹார்லன் மட்டையை ஓங்கும்போது பேசினார்.

எட்டாவதில் அவர் நிழல் குழியின்மேல் விழுந்தது. நகரவில்லை.

வெயில் ஏறியிருந்தது. வண்டியில் பக்கத்து இருக்கையிலிருந்து குளிர் அடித்தது.

ஒன்பது முடிந்தது. ஹார்லன் தொப்பியைக் கழற்றினார். கையை நீட்டினார்.

புதரிலிருந்து வந்தவர் அந்தக் கையைப் பார்த்தார்.

"எதுக்கு?"

கிளைட் வீட்டு வாசலில் நோரின் நின்றிருந்தாள். அவர் வாயில் தன் பெயரைக் கேட்டதும் ஓவென்று அழுதுவிட்டாள். "என்ன மாயம் பண்ணினீங்க ஹார்லன்? என் மனுஷன் எனக்குத் திரும்பக் கிடைச்சுட்டார்!" வருஷக்கணக்காகத் தூங்காத முகம் அப்படியே மலர்ந்தது. இது உன் புருஷன் இல்லை என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

வந்தவர் அவள் தோளுக்கு மேலாக ஹார்லனைப் பார்த்தார். வீட்டுக்குள்ளும் தொப்பி தலையிலேயே இருந்தது.

"நாளைலேர்ந்து நீ வர வேண்டாம், ஹார்லன். யாராவது வாங்கிக்கிட்டா தேவலைன்னு சொன்னியே."

கதவு சாத்திக்கொண்டது.

ஹார்லன் வண்டியை ஐந்தாவது குழிக்கே விட்டார். வெயிலில் கண் கூசியது.

கள்ளிக்காட்டுக்குள், முழங்கால்வரை முள்ளில், ஒருவர் நின்றிருந்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார். கால்சட்டை கிழிந்து ரத்தம். அசையவில்லை.

"கிளைட்!"

கிளைட் உதட்டில் விரல் வைத்தார். 'உஷ்.'

அவர் கண்கள் ஹார்லனுக்குச் சற்றுப் பின்னால் நிலைத்திருந்தன. மரியாதையாக. யாரோ அடிக்க மட்டையை ஓங்கியிருக்கும்போது பார்ப்பது போல.