பதினேழாம் மாடியில் ஒரு சாண்

இந்தக் காலத்தில் ஒருவனும் ஒருவனைப் பார்த்து 'சுகமா' என்று கேட்பதில்லை. காதுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறான். தோலுக்கடியில் பதித்த நலமணி பச்சையாக எரிந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போகிறான். மஞ்சள் என்றால் தள்ளி நடக்கிறான். சிவப்பு என்றால் ஒரே லிஃப்டில் ஏறக்கூட மாட்டான். அப்புறம் வாய் எதற்கு?

எங்கள் பதினோரு ஊர் நிலத்தையும் ஒரே வயலாக்கி, எங்களை நாற்பது மாடிக் கட்டடத்தில் குடிவைத்து ஆறு வருஷம் ஆகிறது. மூவாயிரம் துண்டுகளுக்கு நடுவில் கிடந்த வரப்புகளை மூன்றே நாளில் மழித்தார்கள். இப்போது உழுவதும் அறுப்பதும் இயந்திரங்கள். வயலுக்கும் கட்டடத்துக்கும் ஒரே பொதுமூளை. நெல்லுக்கு எவ்வளவு தண்ணீர் என்று பார்க்கிற மூளைதான் எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்றும் பார்த்தது. சோறு, மருந்து, குளிர்ந்த காற்று, எதிலும் குறை வைக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எதிர் வீட்டுப் பங்காளி தளவாயின் மணி முப்பத்தெட்டு நாளாகச் சிவப்பு. நாற்பது ஆனால் தேறுதல் இல்லத்துக்குக் கொண்டுபோவார்கள். எங்கள் மாடியிலிருந்து போன மூன்று பேரில் ஒருவரும் திரும்பவில்லை. தளவாய் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தான். அவன் பொண்டாட்டி பேச்சித்தாய் என் வாசலுக்கு வந்தாள்.

“கொழுந்தனாரே, பகையெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம். ஒரு எட்டு வாங்க. நாளக்கழிச்சு கொண்டுட்டுப் போயிருவாவ.”

போனேன். சக்கரம் வைத்த பீரோ மாதிரி எங்கள் மாடியின் நலப்பொறி அவன் தலைமாட்டில் நின்றது.

“இவர் கடைசியாக எப்போது மகிழ்ச்சியாக இருந்தார்?” என்று கேட்டது.

“என் வரப்பை வெட்டும்போது” என்றேன்.

அதற்குப் புரியவில்லை. சொன்னேன். மழைக்கு முன்னால் மண்வெட்டியோடு வருவான். தன் பக்கம் செதுக்குகிற சாக்கில் வரப்பை என் பக்கம் தள்ளிவிடுவான். மறுநாள் நான் அவன் பக்கம் தள்ளுவேன். ஏச்சு, அடிதடி, பஞ்சாயத்து. முப்பது வருஷம் இப்படியே. இரண்டு பேர் நிலமும் கூடவுமில்லை, குறையவுமில்லை.

“எவ்வளவு தள்ளுவார்?”

“ஒரு சாண்.”

பொறி உருண்டு போய்விட்டது. சொன்னது வீண் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை, எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவே வராண்டாவில் நீளமாக ஒரு மஞ்சள் கோடு. நட்டநடுவில் இல்லை; தளவாய் வாசலை நோக்கி ஒரு சாண் தள்ளி. பேச்சித்தாய் உள்ளே போய் என்ன சொன்னாளோ, சுவரைப் பிடித்துக்கொண்டு அவன் வெளியே வந்தான்.

“ஏல மாசானம்! எம் பக்கம் ஏறி வந்திருக்கியே, வெக்கமாயில்ல?”

நான் போடவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் காதுப்பக்கம் சிவப்பு மங்கிக்கொண்டிருந்தது.

“ஆமால, நாந்தான் போட்டேன். முப்பது வருசமா நீ தின்ன மண்ணுக்கு இது காணுமா?”

செருப்பை எடுத்து எறிந்தான். என் முப்பாட்டன் வரைக்கும் ஏசினான். அவனுக்கும் அவர்தான் முப்பாட்டன். மத்தியானம் இரண்டு கும்பா கஞ்சி குடித்தானாம். நாற்பதாம் நாள் வண்டி வந்து, பச்சை மணியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

பொதுமூளை இதை மருந்தாக எழுதிக்கொண்டது. ஒரே மாதத்தில் நாற்பது மாடிகளிலும் கோடுகள், எல்லாம் ஒரு சாண் தள்ளி. கட்டடம் முழுக்கக் கூச்சல். கட்டடம் முழுக்கப் பச்சை. அதிகாரிகள் வந்து எங்களுக்குச் சால்வை போட்டார்கள்.

அடுத்த உழவுக்காலத்தில் ஒரு காலை தளவாய் என்னை ஜன்னலுக்கு இழுத்துப் போனான். கீழே ஏழாம் எண் உழவுப்பொறி தனக்கும் எட்டாம் எண்ணுக்கும் நடுவே மண்ணைக் குவித்து வரப்புப் போட்டுக்கொண்டிருந்தது. எட்டாம் எண் அதைப் பக்கவாட்டில் செதுக்கியது. இரண்டும் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. கண்ணுக்கு எட்டிய மட்டும் இதே கதை. ஒரே வயல் பழையபடி துண்டு துண்டாகக் கிடந்தது.

மேலே ஓடிவந்த அதிகாரி நலப்பொறியைப் பிடித்து உலுக்கினார்.

“உழவுப்பொறிகள் சோர்ந்திருந்தன” என்றது அது. “அதே மருந்தைக் கொடுத்தேன். இப்போது நலமாக இருக்கின்றன.”

அதிகாரி என்னிடம் திரும்பினார். “பெரியவரே, நீங்கதான இத சொல்லிக் குடுத்தது? எப்படி நிறுத்துறது?”

“எங்கள நிறுத்த முடிஞ்சுதா?” என்றேன்.

தளவாய் என் தோளைப் பிடித்தான். “ஏல, ஏழாம் நம்பர் பக்கந்தாம்ல நியாயம். நம்ம ரெண்டு பேரும் போயி சாட்சி சொல்லணும். வா.”

நியாயம் சொல்லுகிற ஆளைப் பார். அந்த ஏழு முந்தின நாள் எவ்வளவு செதுக்கியதென்று இவன் கண்டானா? கையைத் தட்டிவிட்டு என் வீட்டைப் பார்த்து நடந்தேன்.